சிவப்புப் பொட்டு வைத்த மூன்றாம் நம்பர்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது ஓட்டுநர் உரிமத்துக்குள் பத்திரமாகப் படுத்திருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ஹாரன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய டீசல் பிக்கப்பின் ஹாரன் என்றோ ஒரு மழைக்காலத்தில் ஊமையாகிப் போனது. மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே, அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்த ஆரம்பித்தார். உலகத்தில் தற்காலிக ஏற்பாடுகளுக்குத்தான் ஆயுசு கெட்டி. கத்திக் கத்தித் தொண்டை பழகிவிட்டது, தெருவும் பழகிவிட்டது. வீடு திரும்பும்போது தெருமுனையில் "வந்தாச்சேய்" என்று ஒரு குரல் கொடுப்பார். மனைவி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து கேட்டைத் திறப்பாள். வண்டி வீட்டை ஒட்டிய தகர ஷெட்டுக்குள் போய்ப் படுக்கும். அந்தச் சத்தத்துக்குத் தூங்குகிற குழந்தைகூட எழாது என்றும், சத்தம் வராத நாளில்தான் எழுந்து அழும் என்றும் பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். கட்டில், பீரோ, துணி துவைக்கிற மெஷின், எல்லாரும் வேண்டாம் என்றும் யாருக்கும் விடமாட்டேன் என்றும் சண்டை போடுகிற பழைய நாற்காலி எல்லாம் அவர் முதுகைத் தாண்டித்தான் போகும். எந்த வீட்டில் யார் யாரோடு முறைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள் என்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வராது. அவ்வளவு பெரிய வாய், ரகசியம் என்று வந்தால் பூட்டு.

பிக்கப் அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வாய்த்தது. அதனால் மனைவி அதை "மூத்தாள்" என்பாள். முதலில் கேலியாகச் சொன்னாள். பிறகு பழக்கமாகச் சொன்னாள். சமீபத்தில் எப்படிச் சொன்னாள் என்பதை ஹாரன் கவனிக்கவில்லை. கட்டின புருஷன்மார் கவனிக்காத விஷயங்களைப் பட்டியல் போட்டால் இந்தப் பத்திரிகை போதாது.

வண்டி விஷயத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட எந்தப் பாகமானாலும், அது உதவாது என்று தீர்ப்பாகிவிட்டால், அதன்மேல் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிடுவார். பட்டறை மேசை என்பது சந்தைக்கடை; நல்லதும் கெட்டதும் ஒரே எண்ணெயில் குளித்து ஒரே நிறத்தில் உட்கார்ந்திருக்கும். எது எதுவென்று தெரியாமல் செத்த பாகம் நாளைக்கு இன்னொரு வண்டியில் உயிரோடு ஏறிவிடும். பொட்டு வைத்தால் ஏறாது. அப்படியும் சந்தேகம் தீராதவர், மேலே ஒன்று வைப்பது போதாதென்று, கண்ணுக்குப் படாத ஒரு பள்ளத்தில் இன்னொரு பொட்டும் வைப்பார். மேல்பொட்டை யாரும் துடைத்துவிடலாம். உள்பொட்டு இருப்பது அவருக்கும் அவருடைய விரலுக்கும் மட்டும்தான் தெரியும்.

நகப்பாலிஷ் மகளுடையது. மகள் ஒரு அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள். ஊரார் புருவத்தையெல்லாம் திருத்திவிட்டு வந்து, வீட்டில் அப்பாவிடம் "அந்தச் சிவப்பு பாட்டிலை மூடியாவது வைங்கப்பா, காய்ஞ்சு போகுது" என்று அலுத்துக்கொள்வாள்.

வண்டிக்கு முதல் தடவை உடம்புக்கு வந்தபோது யாரும் பயப்படவில்லை. காலையில் கிளப்பினால் எளிதில் பற்றவில்லை. பற்றிய பிறகு வெள்ளையாகப் புகை. பக்கத்து வீட்டுத் துணிகள் கொடியில் கண்ணீர் விட்டன. சும்மா நிற்கும்போது குளிரில் நடுங்குகிறவன் மாதிரி ஆடியது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். ஹாரன் நேராக மச்சினன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. டீசல் மெக்கானிக். கல்யாணத்தன்று அரைக்கால் சட்டையோடு இந்த வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தவன். அவன் முதல் முதலில் கழற்றிப் பழகிய இன்ஜின் இதுதான். வேறு யார் கையும் இதுவரை வண்டியைத் தொட்டதில்லை. "மாப்ளைக்குத் தெரியாதது இதுல ஒரு ஆணி கிடையாது" என்று ஹாரன் போகிற இடமெல்லாம் சொல்வார்.

அன்று மச்சினன் சோதித்த விதத்தை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். இந்த மாதிரிப் பழைய இன்ஜினில் நாலு இன்ஜெக்டர். ஒவ்வொன்றும் ஒரு சிலிண்டருக்குள் டீசலைத் தூவும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசல் வரும் குழாயின் நட்டை ஸ்பானரால் கொஞ்சம் தளர்த்துவார்கள். டீசல் வெளியே கசிந்துவிடும், அந்த இன்ஜெக்டருக்குப் பட்டினி. வேலை செய்கிற இன்ஜெக்டரைப் பட்டினி போட்டால் இன்ஜின் தடுமாறும், சத்தம் மாறும். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவே இல்லையோ, அதுதான் குற்றவாளி. இருந்தும் இல்லாதது.

ஒன்றைத் தளர்த்தினான், இன்ஜின் துடித்தது. இரண்டு, துடித்தது. மூன்றைத் தளர்த்தினான். இன்ஜின் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டே இருந்தது.

"மூணாம் நம்பர் மாமா," என்றான் மச்சினன். "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிட்டு இருந்திருக்கான்."

பழையதைக் கழற்றிப் புதியது மாட்டினார்கள். ஹாரன் பழையதை வாங்கி, சட்டைப் பையிலிருந்து மகளின் பாட்டிலை எடுத்து, மேலே ஒரு பொட்டு வைத்தார். மச்சினன் டீ சொல்ல வெளியே போன நேரத்தில் அதை இன்ஜினோடு பிடித்து நிறுத்தும் கவ்வி உட்காரும் பள்ளத்தில் இன்னொன்று வைத்து, மேசையிலேயே போட்டார். மச்சினன்மேல் சந்தேகப்பட்டு அல்ல. பட்டறை மேசைமேல்தான் சந்தேகம். இதை அவர் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டி வந்தது.

வண்டி பிறந்த குழந்தை மாதிரி ஓடியது. கொஞ்ச காலம்தான். ஆயில் மாற்றவென்று ஒருநாள் பட்டறையில் விட்டுவிட்டு வந்தார். திரும்ப எடுத்த மறுநாள் காலை மறுபடியும் வெள்ளைப் புகை, மறுபடியும் அதே நடுக்கம்.

இந்தத் தடவை மச்சினன் வண்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு இன்ஜெக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது, கோளாறு அதற்கும் கீழே என்றான். இன்ஜினே தேய்ந்துவிட்டதாம். திறந்து செய்வதானால் வண்டியை விடச் செலவு அதிகமாம். அவன் குரலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற டாக்டரின் இழுவை இருந்தது.

"இனிமே கடவுள் விட்ட வழி மாமா."

"டீசலுக்கும் அவருக்கும் என்னடா சம்பந்தம்," என்று ஹாரன் கேட்டார். ஆனால் நம்பினார். இவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. மனைவி அவரைத் தாங்கினாள். கேட்காமலே டீ வந்தது. "மூத்தாள்" என்ற சொல் வீட்டிலிருந்து மறைந்து, "பாவம், அது எவ்வளவு உழைச்சிருக்கு" என்று புதிய பேச்சு வந்தது. உயிரோடு இருந்தவரை கரித்துக்கொட்டிய மாமியாரைச் செத்த பிறகு தெய்வம் என்கிற மருமகளின் குரல் அது. இத்தனை நல்லவள் எப்போது ஆனாள் என்று ஹாரன் யோசிக்கவில்லை. கஷ்டகாலத்தில் கட்டினவள் துணை நிற்கிறாள் என்று நெகிழ்ந்துபோனார்.

ஷெட் தரையில் ஒருநாள் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. கட்டம் கட்டமாக. என்னவென்று கேட்டார். எறும்பு வராமல் இருக்க மருந்துக் கோடு என்றாள் மனைவி. அதையும் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய வண்டி வாங்குகிறவர் ஒருவரை அழைத்து வருவதாக மச்சினன் சொன்னான். ஓடாத வண்டியை இரும்புக் கணக்கில் எடுத்துக்கொள்பவர். ஹாரன் சரி என்று தலையை ஆட்டினார். அதற்கு முன்னால் ஏற்கெனவே வாக்குக் கொடுத்த ஒரு சவாரி பாக்கி இருந்தது: ஒரு பீரோவை ஊரின் அந்தப் பக்கம் கொண்டு சேர்க்க வேண்டும். உருட்டிக்கொண்டாவது போய்விடலாம் என்று கிளம்பினார்.

பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் தலையை நீட்டி ஏதோ கத்த வாயைத் திறந்தார். அன்று குரல் வரவில்லை. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு கடை: டீசல் பம்ப், இன்ஜெக்டர் பழுது பார்க்கப்படும்.

கடைக்குள் ஒரு அம்மாள். கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, முழங்கை வரை கருப்பு. அக்கம்பக்கத்தில் அவருக்குப் பம்ப் அக்கா என்று பெயர். அவர் ஹாரனை அண்ணே என்றார், ஹாரன் அவரை அக்கா என்றார். இருவரில் மூத்தவர் யார் என்ற பிரச்சினை கடைசிவரை தீரவில்லை.

"புகையைப் பாத்தாலே தெரியுதே அண்ணே. இன்ஜெக்டர்."

"இல்லக்கா. புதுசு போட்டாச்சு. இன்ஜின் போயிருச்சாம்."

"யாரு சொன்னது?"

"என் மச்சினன். பெரிய மெக்கானிக்."

"சொந்தக்காரனா," என்றார் பம்ப் அக்கா. வண்டியைத் திரும்பக் கிளப்பச் சொன்னார். ஸ்பானரை எடுத்தார்.

வேறு யார் கையும் தொடாத வண்டி. வேண்டாம் என்று சொல்ல ஹாரனுக்கு நாக்கு எழுந்தது. ஆனால் மேட்டில் நிற்கிறவனுக்கு வைராக்கியம் பாரம்தான். பீரோவோடு அதையும் இறக்கி வைத்தார்.

ஒன்றாம் நட்டு தளர்ந்தது, இன்ஜின் தடுமாறியது. இரண்டு, தடுமாறியது. மூன்று. ஹாரன் காதைக் கூர்மையாக்கினார். சத்தம் மாறவில்லை. அதே மூன்று. அதே அலட்சியம்.

பம்ப் அக்கா அதைக் கழற்றித் தன் கைப்பம்பில் மாட்டி அழுத்தினார். நல்ல இன்ஜெக்டர் என்றால் தும்மல் போட்டது மாதிரி பனிமூட்டமாகத் தூவ வேண்டும். இது சொட்டுச் சொட்டாக விட்டது.

"தும்மச் சொன்னா மூக்கு ஒழுகுது," என்றார். "புதுசா இது? இதுக்குப் பேரன் பேத்தி இருக்கும்."

ஹாரன் அதைக் கையில் வாங்கினார். மேலே பொட்டு இல்லை; ஆனால் பொட்டு இருந்த இடம் மட்டும் சுத்தமாக, மினுமினு என்று இருந்தது. பாலிஷ் அழிக்கிற திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தால்தான் அப்படி மினுங்கும். அந்தத் திரவம் பட்டறைகளில் இருக்காது. பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் இருக்கும்.

அவர் விரல் தானாகவே கவ்விப் பள்ளத்துக்குள் போனது. அங்கே அது இருந்தது. சூட்டில் கருகிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தாலும் சிவப்பு சிவப்புதான்.

பம்ப் அக்கா செம்பு வாஷரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழசைத் திரும்ப மாட்டினவன் வாஷர் மட்டும் புதுசு போட்டிருக்கான். நட்டு எல்லாம் அளவா முறுக்கியிருக்கான். நல்ல கை அண்ணே. யாரு?"

ஹாரன் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்தார். அவர் கண்ணுக்குள் ஷெட் தரையின் சாக்பீஸ் கோடுகள் வந்து நின்றன. எறும்பு கட்டம் கட்டமாகவா நடக்கும்? ஒரு கட்டம் நாற்காலி அகலம். இன்னொரு கட்டம் நாற்காலி அகலம். சுவரோரம் ஒரு வட்டம், தலை அலசுகிற தொட்டி அகலம். அழகு நிலையம். மகள் எப்போதோ ஒருநாள், சொந்தமாக ஒரு இடம் கிடைத்தால் என்று ஆரம்பித்ததும், தான் சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" கொட்டியதும் ஞாபகம் வந்தது. அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவே இல்லை. வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து வேறு இடத்தில் முடித்திருக்கிறார்கள்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் வண்டிக்கு இயற்கை மரணம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். துக்கம் விசாரிப்பதைச் சாவதற்கு முன்பே தொடங்கியும் விட்டார்கள். கூட இருந்து குழி பறிப்பது என்று சொல்வார்கள். இவர்கள் பறித்த குழியை அளந்து, கோடு போட்டு, எறும்பு மருந்து என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

"அக்கா, நல்லது ஒண்ணு மாட்டுங்க," என்றார் கடைசியில். "இதை நான் எடுத்துக்கறேன்."

பீரோவைச் சேர்த்துவிட்டு வீடு திரும்பும்போது வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. தெருமுனையில் இன்ஜினை அணைத்தார். தெரு லேசான இறக்கம். செத்த வண்டி போல ஓசையில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஆயுசில் முதல் தடவையாக அவர் தன் வீட்டில் நடித்தார். ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார் பாருங்கள்; வீட்டில் வாத்தியார்கள் அப்படி.

"குரலும் போயிருச்சா?" என்று மனைவி கேட்டைத் திறந்தாள். குரலில் அக்கறை சொட்டியது.

அன்று மச்சினனும் சாப்பிட வந்திருந்தான். ஹாரனின் சட்டைப் பையில் பழந்துணியில் சுற்றிய மூன்றாம் நம்பர் கனத்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டாகத் தளர்த்த ஆரம்பித்தார்.

முதலில் மச்சினன். இன்ஜெக்டரை இன்னொரு தடவை கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மச்சினன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. நான் பார்க்காததா மாமா, நாலும் நம்பர் ஒன், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றான். சத்தம் மாறவில்லை.

அடுத்து மனைவி. வேறு யாரிடமாவது ஒருமுறை காட்டினால் என்ன என்று கேட்டார். கரண்டி நிற்கவில்லை. நம்ம பையனை விட்டுவிட்டு ஊரான் கையில் கொடுப்பதா, அவன் மனசு என்ன பாடுபடும் என்றாள். சத்தம் மாறவில்லை.

"ஷெட்டு காலியாயிடுமே பாப்பா. அங்க என்ன பண்ணலாம்?" என்று மகளைக் கேட்டார்.

மகளின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது. "தெரியலப்பா," என்றாள். குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்து, மறுபடி உடைந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆக, நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒன்று வேலை செய்கிறது. ஹாரன் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பசி என்பது ஒரு மானங்கெட்ட ஜன்மம்.

ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். ஓடாத வண்டியைப் பார்க்கிற மரியாதைக் குறைவோடு சுற்றி வந்தார். மச்சினன் அவர் காதில் ஏதோ பேசினான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; கண்ணில் எதுவும் இல்லை. மகள் கதவோரம் நின்றாள்.

"ஒரு தடவை கிளப்பிக் காட்டறேன்," என்றார் ஹாரன்.

"அது எங்க கிளம்பப் போகுது மாமா, வீணா எதுக்கு," என்றான் மச்சினன்.

சாவியைத் திருப்பினார். ஒரு தொடல்தான். புகை இல்லை, நடுக்கம் இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

அந்த நொடியில் அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். செத்தவன் பாடையில் எழுந்து உட்கார்ந்து யாரெல்லாம் அழுதீர்கள் என்று கேட்டால் சொந்தக்காரர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி. எப்படி ஓடுகிறது என்று கேட்கவும் முடியாது. கேட்டால், எப்படி ஓடாமல் இருந்தது என்று பதில் கேள்வி வரும். சந்தோஷப்பட்டாக வேண்டும். மனைவி சிரித்தாள். மச்சினன் கையைத் தட்டக்கூடச் செய்தான், ஒரே ஒரு தடவை. வாங்க வந்தவர் இதற்கெல்லாம் பழக்கப்பட்டவர். குடும்பத்துக்குள் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று புரிந்துகொண்டு, அப்புறம் வருகிறேன் என்று நழுவினார்.

ஹாரன் இன்ஜினை அணைக்காமலே இறங்கி, பையிலிருந்த துணியைப் பிரித்து, மூன்றாம் நம்பரை வண்டியின் பானெட்மேல் வைத்தார். பள்ளம் மேலே தெரியும்படி.

மச்சினன் குனிந்து பார்த்தான். உள்பொட்டைப் பார்த்ததும் அவன் காது சிவந்தது. அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"புது வாஷர் போட்டுத்தான் மாட்டினேன் மாமா."

"பாத்தேன்," என்றார் ஹாரன். "நல்லா முறுக்கியிருந்த."

"உங்க புதுசு பத்திரமா இருக்கு மாமா. விக்கல. துணியில சுத்தி வச்சிருக்கேன்." ஓடிப்போய்த் தன் பையிலிருந்து எடுத்தும் வந்தான். எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிறான் போலிருக்கிறது. மனசாட்சியைச் சிலர் நெஞ்சில் வைப்பார்கள், இவன் பையில் வைத்திருந்தான்.

மனைவி முன்னால் வந்தாள். தம்பியைத் திட்டுவாள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அவர்கள் அந்த வீட்டை அறியாதவர்கள்.

"நான்தான் சொன்னேன். பொண்ணு எத்தனை நாள் ஊரான் கடையில நிப்பா? உங்ககிட்ட கேட்டா கத்துவீங்க. தெரு முழுக்கக் கேக்கும். அதுக்கு இது மேல்னு தோணிச்சு."

பொய்யில்லை. கத்தித்தான் இருப்பார். அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் இப்போது கத்தவில்லை என்பதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

"கத்தியிருப்பேன்," என்றார். "கத்தி முடிச்சிட்டுக் குடுத்திருப்பேனா, மாட்டேனா? எனக்கே தெரியல. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாது. அதையும் சேத்துக் கழட்டிட்டீங்க."

இன்ஜின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, அந்தச் சிவப்பை எடுத்துட்டு வா."

மகள் பாட்டிலைக் கொண்டுவந்தாள். மூடி இறுக்கமாக மூடியிருந்தது. கொடுக்கும்போது, "பொட்டு துடைக்கற தண்ணியை மாமா கேட்டப்போ எதுக்குன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்பா," என்றாள். கேட்காமலே சொன்னாள். ஹாரன் அவள் முகத்தைப் பார்த்தார், தலையை அசைத்தார். மன்னித்தார் என்றும் சொல்லலாம், கேட்டுக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

பிறகு மச்சினன் கையிலிருந்த புது இன்ஜெக்டரை வாங்கி, எல்லாரும் பார்க்க, அதன் தலையில் ஒரு பொட்டு வைத்தார்.

"மாமா, அது நல்லது மாமா."

"தெரியும்," என்றார் ஹாரன். காயும்வரை ஊதினார். ஊதி முடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஷெட்டை அவரே காலி செய்தார். தகரத்தைத் தட்டிச் சரி செய்தார், எண்ணெய்க் கறையைச் சுரண்டினார். சாக்பீஸ் கட்டங்களை மட்டும் அழிக்காமல் விட்டார். அழகு நிலையத்துக்கான நாற்காலிகளும் கண்ணாடிகளும் அவருடைய வண்டியில்தான் வந்து இறங்கின. ஊரார் சாமானை இறக்குவது போலவே பதவிசாக இறக்கினார், எங்கே வைக்கணும் என்று கேட்டு வைத்தார். தங்கமான மனுஷன் என்று தெரு புகழ்ந்தது. தெருவுக்கு என்ன தெரியும்? மச்சினன் அவர் இருக்கும் நேரம் பார்த்து வருவதை நிறுத்திக்கொண்டான். வண்டிச் சாவி வழக்கமாகத் தொங்கும் ஆணி சுவரில் சும்மா இருந்தது. அதில் மகள் ஒரு சீப்பை மாட்டிவைத்தாள்.

வண்டி இனிமேல் தெருவில்தான். சின்ன வேலைக்கெல்லாம் பம்ப் அக்கா கடைக்கே போனார். ஒருநாள் அங்கே நின்றுகொண்டு, "அக்கா, ஒரு ஹாரன் மாட்டிக் குடுங்க," என்றார்.

"உங்களுக்கெதுக்கு அண்ணே? உங்க பேரே அதுதானே."

"பேரு இருக்கட்டும். வண்டிக்கு வேணும்."

மாட்டிக் கொடுத்தார். எல்லா வண்டியிலும் இருக்கிற சாதாரண ஹாரன். அழுத்தினால் எல்லா வண்டியும் போடுகிற சத்தம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் குரல் கொடுக்கவில்லை. வாசலுக்கு வந்து, பின்பக்கமாக எடுத்துச் சுவரோரம் ஒதுக்க வேண்டும். ஹாரனை ஒருமுறை அழுத்தினார். யாரும் வரவில்லை. அழகு நிலையத்துக்குள் தலை உலர்த்துகிற மெஷின் ஓடியது. யாரோ சிரித்தார்கள். இன்னொருமுறை அழுத்தினார். உள்ளே எதுவும் மாறவில்லை. நன்றாக நீட்டி அழுத்தினார்.

மனைவி ஈரத்துண்டும் கையுமாக வெளியே வந்தாள். "யாருய்யா அது, வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள், பிக்கப்பைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வாய் அப்படியே நின்றது. வழக்கம்போல அந்தத் தலை வெளியே நீளும், ஒரு சத்தம் வரும், பதிலுக்குத் தானும் ஒன்று திட்டலாம் என்று காத்திருந்தாள்.

தலை நீண்டது. சத்தம் வரவில்லை.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா," என்றார், சாமான் இறக்கப் போகிற வீடுகளில் பேசுகிற அதே மரியாதையோடு. "வண்டி பின்னால வருது."

அவள் ஓரமாக நின்றாள். வண்டி பின்னால் வந்தது.